சின்னப் பிள்ளைகளோடு எங்கள் கடற்கரைக்கு வருவதென்றால்

பரீட்சை முடிகிற சமயம் வந்தால் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் எங்களுக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து இந்தக் கேள்வியும் வந்துவிடும். இந்தத் தடவை கேட்டது கோவையில் இருக்கும் மதினி. "பிள்ளைகளோட கார்ல கிளம்பலாம்னு இருக்கோம். கொடைக்கானல் போறதா, உங்க பக்கம் வர்றதா? அங்கன்னா கோயில், பாலம், தனுஷ்கோடி எல்லாத்தையும் ஒரே நாள்ல பாத்துட்டுத் திரும்பிடலாம்ல?" அவர்கள் வீட்டில் பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. போனில் அவரிடம் சொன்னதையே விரித்து இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற மற்ற குடும்பங்களுக்கும் உதவட்டும்.

கொடைக்கானலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மே மாதம் அங்கே குளுமைதான், மறுக்கவில்லை. ஆனால் 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் மலையேற வேண்டும். சீசனில் ஏரியைச் சுற்றி வண்டி நகராது. வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிற பிள்ளையாக இருந்தால் மேலே போய்ச் சேர்ந்த பிறகும் அரை நாள் படுத்தே கிடக்கும். பெரியவர்களுக்கு மலை பிடிக்கும். மூன்று வயதுக்கு மணலும் தண்ணீரும் போதும். அதனால் கடல் பக்கம் வாருங்கள் என்றுதான் சொன்னேன்.

எங்கள் கடற்கரையில் எங்கே என்பதுதான் முக்கியமான கேள்வி. அதைப் பலரும் யோசிக்காமலேயே கிளம்பி வந்துவிடுகிறார்கள். என் கணக்கு ஒன்றுதான். வண்டியில் இருப்பவர்களில் ஆகச் சின்னப் பிள்ளை எந்த இடத்தில் இறங்கி ஒரு மணி நேரமாவது பயமில்லாமல் விளையாட முடியுமோ, அந்த இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கோயிலும் பாலமும் மற்றதும் அதைச் சுற்றி எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு.

வெளியூர்க்காரர்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை என்றாலே ராமேஸ்வரத்தைத்தான் நினைக்கிறார்கள். வடக்கே தொண்டிப் பக்கம் தொடங்கி தெற்கே சாயல்குடி தாண்டியும் எங்களுக்குக் கரை இருக்கிறது. அதிலும் கடல் இரண்டு. மண்டபம், ராமேஸ்வரம் என்று நீண்டு போகிற நிலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கடலோர மக்கள் வடக்கில் இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கில் இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்தது, தென்கடலுக்கு அலை அதிகம். அதற்காக வடகடல் வருஷம் முழுக்கச் சாதுவாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாம் காற்றைப் பொறுத்தது.

கோடையில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். நடுவில் நிலம் தடுப்பதால் வடகடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று திரும்பினால் நிலைமை தலைகீழ். வடகரையில் அலை எழும்பும், தண்ணீர் கலங்கும், தென்கரை அமைதியாகிவிடும். மீன்பிடிக்கிறவர்கள் தொழிலையே இதைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். பள்ளி விடுமுறையை இதன் மேல் பொருத்திப் பாருங்கள். கோடை விடுமுறைக்கும் காலாண்டு விடுமுறைக்கும் வடகரை. அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் தென்கரை. டிசம்பரில் மழை குறுக்கே வரலாம், கிளம்பும் முன் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடகரையில் நான் முதலில் சொல்வது அரியமான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளி தாண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும். சவுக்கு மரங்கள் வரிசையாக நிற்பதால் வெயில் ஏறினாலும் ஒதுங்க நிழல் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு என்ன வேண்டும்? கச்சான் காலத்தில் அங்கே அலை என்று ஒன்றைத் தேட வேண்டும். கொஞ்ச தூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. அதற்காகக் கரையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். கரையில் சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கிக் கிடந்தால் அன்றைக்குத் தண்ணீரில் இறக்காதீர்கள், மணல் விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். காலை ஏழு மணிக்குப் போய்ப் பத்து மணிக்குள் கிளம்பிவிடுவதுதான் என் வழக்கம். அதற்கு மேல் மே மாத வெயில் பிள்ளைகளைச் சுருட்டிப் போட்டுவிடும். கால் கழுவவும் உடை மாற்றவும் வண்டியிலேயே ஒரு கேன் தண்ணீரும் பழைய வேட்டி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வடகரையில் காரங்காடு இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போவார்கள். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிற சூழல் சுற்றுலா. ஐந்து வயதுக்கு மேல் என்றால் நல்ல அனுபவம். படகில் அடங்கி உட்காராத குழந்தை என்றால் இன்னும் இரண்டு வருஷம் போகட்டும். உயிர்காப்பு உடை பிள்ளையின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வாரை இறுக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். தேவிபட்டினம் ராமநாதபுரத்திலிருந்து பக்கம்தான். கடலுக்குள் ஒன்பது கற்களாக நிற்கிற நவபாஷாணத்தை நடைமேடை வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தாத்தா பாட்டிக்குத் தரிசனம், பிள்ளைகளுக்குத் தண்ணீருக்குள் மீன்.

தென்கரையில் சேதுக்கரை, வாலிநோக்கம் இரண்டும் வாடைக் காலத்துக்கு ஏற்றவை. சேதுக்கரைக்குப் போகிற வழியில்தான் திருப்புல்லாணிப் பெருமாள் கோயில். அமாவாசையன்று மட்டும் சேதுக்கரையை விட்டுவிடுங்கள், கூட்டம் தாங்காது. கீழக்கரை வழியாக வந்தால் தொதல் என்கிற இனிப்பை வாங்காமல் போகாதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டியது, கெட்டுப்போகாமல் ஊர் வந்து சேரும்.

இப்போது தனுஷ்கோடிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அதனால்தான் கைக்குழந்தையையும் மூன்று வயதுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் அதன் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். 2017ல் சாலை போட்ட பிறகு கார் முனை வரைக்குமே போய்விடுகிறது. அந்த வசதியே பலரையும் ஏமாற்றுகிறது. கடைசிவரை நிழல் என்பது பேருக்குத்தான். இரண்டு கடலும் சேருகிற முனையில் நீரோட்டம் பலமானது, கரையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அங்கே குளிக்கக் கூடாது. பெரியவர்களையே இழுத்துக்கொண்டு போகிற கடல், பிள்ளைகளின் பாதம் நனைக்கக்கூட அங்கே இறங்க வேண்டாம். வண்டியிலிருந்து இறங்கியதும் பிள்ளை தண்ணீரைப் பார்த்து ஓடும், நீங்கள் பிடித்து இழுப்பீர்கள், அது அழும். அத்தனை தூரம் வந்தது அந்த அழுகைக்காகவா?

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் கட்டாயம் கூட்டிப் போங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே அழிந்ததையும், பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலில் போனதையும், மிச்சம் நிற்கிற தேவாலயச் சுவரைக் காட்டிச் சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள், கேள்வி கேட்பார்கள். புயலுக்குத் தப்பிய கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும். 2025ல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்திருக்கிறார்கள். போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். மாலையானால் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள், இருட்டும் முன் எல்லாரும் வெளியே வந்தாக வேண்டும்.

கோயில் விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு வாக்குவாதம் வரும் என்று தெரியும். ராமேஸ்வரம் வரை வந்து 22 தீர்த்தம் ஆடாமல் போவதா என்பார்கள். ஆடட்டும். ஆனால் சொட்டச் சொட்ட நனைந்த உடையோடு, வழுக்குகிற கல் தரையில், கிணறு கிணறாகச் சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். ஒருவர் பிள்ளைகளோடு இருந்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாம் பிரகாரத்தில் 1,200க்கும் மேற்பட்ட தூண்கள். அந்த நீளத்தைப் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாலே அவர்களுக்குக் கொண்டாட்டம். ஆடி, தை, மகாளய அமாவாசை வருகிறதா என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும் நேரத்துக்குப் பேய்க்கரும்பில் இருக்கிற அப்துல் கலாம் நினைவகம் சரியாக இருக்கும். 2017ல் திறந்தது. பிள்ளைகள் ஏவுகணை மாதிரியைப் பார்த்தால் நகர மாட்டார்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நடுவழியில் வண்டியை ஓரங்கட்டிப் பிள்ளைகளைக் கைப்பிடிச் சுவரில் ஏற்றிப் படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். காற்று ஆளைத் தள்ளும், பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். பாலத்தைத் தாண்டிப் பாம்பனில் இறங்கிக் கரையிலிருந்து பாருங்கள். 1914ல் கட்டிய பழைய ரயில் பாலத்தின் கதையைச் சொல்லி, 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைக் காட்டலாம். கப்பல் போவதற்காகப் புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலே தூக்கப்படும் என்று சொன்னால் ஏழு வயதுப் பையனுக்கு அதுவே ஒரு நாள் பேச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், கோடையில் வந்தால் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதையும் பார்க்கலாம். அந்த நாட்களில் மீன் விலை கூடுதலாக இருக்கும். நாட்டுப்படகு மீன் கிடைத்தால் விடாதீர்கள்.

தங்குவதற்கு ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் மூன்றில் எதுவானாலும் சரி, ஒன்றிலேயே இரண்டு இரவு இருங்கள். தினமும் மூட்டை கட்டி அறை மாற்றுவது பிள்ளைகளுக்குப் பெரிய அலுப்பு. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நல்ல நான்குவழிச் சாலை. அதன் பிறகு இருவழி, முந்திப் போக அவசரப்படாமல் வாருங்கள். வழியில் நுங்கு விற்பவர்களைப் பார்த்தால் நிறுத்தலாம், பிள்ளைகளுக்கும் கால் நீட்ட நேரம் கிடைக்கும். திரும்பும்போது மாலை நான்கு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கருவேல மறைவிலிருந்து ஆடும் மாடும் திடீரென்று குறுக்கே வரும்.