கேரளாவுக்குக் கூட்டிப் போகலாமா? மூளை முடக்குவாதமும் ஆயுர்வேதமும்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு இயன்முறைப் பயிற்சி தருவது என் தொழில். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "கேரளாவுக்குக் கூட்டிட்டுப் போய் ஆயுர்வேதம் பாக்கலாமா மேடம்?" என்பதுதான். நான் கோபித்துக்கொள்வேனோ என்ற தயக்கத்தில் பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டே கேட்கிறார்கள். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. தாராளமாகப் போகலாம், ஆனால் இறுகிய தசைகளுக்கும் கெட்டுப்போன உறக்கத்துக்கும் ஒரு துணைச் சிகிச்சையாக நினைத்துப் போக வேண்டுமே தவிர, மூளையில் ஏற்பட்ட சேதத்தை அது மாற்றிவிடும் என்று நம்பியோ, குழந்தையின் அன்றாடப் பயிற்சியை நிறுத்திவிட்டோ போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதற்கு ஆயுர்வேத நூலிலிருந்தே சாட்சி காட்ட முடியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கருவில் இருக்கும்போதோ, பிறக்கும் வேளையிலோ, பிறந்த பின் ஆரம்பக் காலத்திலோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளை சேதமடைவதால் உடலின் அசைவும் நிலையும் பாதிக்கப்படுவதையே மூளை முடக்குவாதம் என்கிறோம். ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 குழந்தைகளுக்கு இது வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு, ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்கு, தசைகள் இறுகிப்போகும் வகைதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் கைகளைவிடக் கால்களில் இறுக்கம் அதிகம் இருப்பதும், தூக்கி நிறுத்தினால் ஒரு கால் மற்றொன்றின் குறுக்கே போய் நுனிவிரலில் நிற்பதும் வழக்கமாகக் காணக்கூடியவை. பிறந்த சில நாட்களில் வந்த கடும் மஞ்சள் காமாலையைக் கவனிக்காமல் விட்ட குழந்தைகளில் சிலருக்கு, இறுக்கத்துக்குப் பதிலாக, அடக்க முடியாமல் கையும் கழுத்தும் முறுக்கிக்கொள்ளும் வகை வருகிறது.

லண்டனைச் சேர்ந்த வில்லியம் ஜான் லிட்டில் என்ற மருத்துவர் 1861இல், கடினமான பிரசவத்துக்கும் குழந்தையின் உடல் இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று எடுத்துரைத்தார். மனப்பகுப்பாய்வுக்குப் பெயர்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டு, அதற்கு முன்பு நரம்பியல் மருத்துவராக இருந்தவர். கருவிலேயே ஏற்பட்டுவிட்ட கோளாறின் விளைவாகவும் பிரசவம் கடினமாகியிருக்கலாமே என்று அவர் 1897 வாக்கிலேயே கேட்டார். பிந்தைய ஆய்வுகள் பெரிதும் ஃபிராய்டின் பக்கமே நிற்கின்றன. "ஆயுதம் போட்டு எடுத்ததால்தான் இப்படி", "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்று தாயின் மீதோ, பிரசவம் பார்த்தவர் மீதோ உடனே பழியைப் போடும் வீடுகளில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூளையில் ஏற்பட்ட சேதம் நாளுக்கு நாள் கூடுவதில்லை. உடல்தான் மாறிக்கொண்டே போகிறது. எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசையால் ஈடுகொடுக்க முடியாததால் முழங்கால் மடங்கியே நின்றுவிடுகிறது, குதிகால் தரையில் படுவதில்லை. மூன்றில் ஒரு குழந்தைக்கு இடுப்பு மூட்டுப் பந்து மெல்ல மெல்லக் குழியை விட்டு நகர்கிறது. வலி வரும்வரை இது வெளியில் தெரியாது என்பதால், குறிப்பிட்ட இடைவெளியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை. ஸ்வீடனில் 1994 முதல் இதை ஒரு முறையான திட்டமாகவே நடத்துகிறார்கள். நம் ஊரில், வேறு ஊர்களுக்கு மாதக்கணக்கில் சிகிச்சைக்குப் போய் வந்த குழந்தைகளின் கோப்பில்கூட ஓர் இடுப்பு எக்ஸ்ரே இருப்பதில்லை.

இப்போது ஆயுர்வேதத்துக்கு வருவோம். பழைய நூல்களில் இந்த நோய் இதே வடிவில், ஒரே பெயரில் இல்லை. சரகசம்ஹிதை வாத நோய்களைப் பற்றிப் பேசும் பகுதியில், ஓர் அங்கமோ பாதி உடலோ முழு உடலோ செயலிழக்கும் நிலைகளைச் சொல்லி, எண்ணெய் தேய்த்தல், ஒத்தடம் கொடுத்து வியர்க்க வைத்தல், வஸ்தி (ஆசனவாய் வழியே மருந்து செலுத்துதல்) ஆகியவற்றை மருந்தாகக் கூறுகிறது. இன்றைய ஆயுர்வேதக் குழந்தை மருத்துவர்கள் மூளை முடக்குவாதத்துக்குச் செய்யும் சிகிச்சையின் அடிப்படை இதுவே. குழந்தை மருத்துவத்துக்கென்றே உள்ள காசியப சம்ஹிதையோ 'பக்க' என்றொரு நோயைச் சொல்கிறது. ஓராண்டு நிறைந்த பின்னும் தன் காலால் நடக்காத குழந்தைக்கு அந்தப் பெயர். கெட்ட தாய்ப்பாலாலும், தாய் மறுபடி கருவுற்றதாலும், வேறு நோயாலும் வருவது என அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். வைத்தியர்கள் பலர் இதில் மூன்றாவது வகையை மூளை முடக்குவாதத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். நூலில் உள்ள வர்ணனையைப் படித்தால் ஊட்டச்சத்துக் குறைவுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஆகவே அந்த ஒப்பீட்டை நான் பாதிதான் ஏற்பேன்.

ஆனால் அந்த நோய்க்கு அந்நூல் சொல்லும் சிகிச்சையில் ஒன்றை நான் முழுமையாக ஏற்கிறேன். நெய், எண்ணெய், கஷாயம் எல்லாம் சொன்ன பிறகு, மூன்று சக்கரம் வைத்த ஒரு சிறு தேரைச் செய்து, அதைக் கொண்டு குழந்தையை நடக்கப் பழக்க வேண்டும் என்கிறது அது. நம் வீடுகளில் தச்சர் செய்து தரும் நடைவண்டியேதான்! எண்ணெயும் கஷாயமும் மட்டும் போதும் என்று அந்த ஆசிரியர் நினைத்திருந்தால் தச்சு வேலையைப் பற்றி எழுதியிருக்க மாட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மரபுக்குள் இருக்கும் இந்தப் பகுதியை, மூளை முடக்குவாதத்துக்கு மருந்து விற்கும் விளம்பரம் எதிலும் நான் கண்டதில்லை.

நவரக்கிழியால் என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நவரை அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் வேகவைத்துத் துணியில் முடிந்து, சூடாறாமல் உடல் முழுவதும் ஒற்றித் தேய்ப்பார்கள். தொடைகளை விலக்கவே முடியாமல் இருந்த குழந்தையை அது முடிந்த கையோடு தொட்டுப் பார்த்தால் உட்தொடைத் தசைகள் நன்றாக இளகியிருக்கும். டயப்பர் மாற்றும்போது அழுகை இராது, அன்றிரவு நன்றாகத் தூங்கும். இது பொய்யில்லை. சூடும் தொடுகையும் இறுக்கத்தைக் குறைப்பதில் வியப்பும் இல்லை. ஆனால் அந்த இளக்கம் நிலைப்பதில்லை, ஏனென்றால் இறுகச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வருகிறது. இறுகிய தசையைத் தளர்த்தப் போடும் பொட்டுலினம் ஊசிக்கும் இதே கணக்குதான். பெரிய மருத்துவமனையில் போட்டுக்கொண்டாலும் அதன் பலன் ஏறத்தாழ மூன்று மாதம்தான், அந்த மூன்று மாதத்தில் என்ன பழக்கினோம் என்பதே கேள்வி. கிழி முடிந்ததும் குழந்தையைப் போர்த்திப் படுக்க வைத்துவிடாமல், சற்று ஓய்வுக்குப் பின், உருளைத் தலையணையின் இருபுறமும் காலைப் போட்டு உட்கார வைத்து, எதிரே ஒரு கிண்ணத்தில் பொரியை வைத்து அதுவாகவே எட்டி எடுக்க விட்டால், அந்த இளக்கம் பயன்பட்டது என்று பொருள்.

குழந்தை தானாக முயன்று செய்யும், தனக்குத் தேவையான ஒரு வேலையை நோக்கிய பயிற்சியே பலன் தருகிறது, பிறர் கையால் நீட்டி மடக்கிவிடுவது மட்டும் போதாது என்பதே ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2013இலும் 2020இலும் உலகம் முழுவதுமுள்ள ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட முடிவு. இது ஆயுர்வேதத்துக்கு மட்டுமான அடி இல்லை. குழந்தையைப் படுக்க வைத்துக் காலை மட்டும் நீட்டிவிட்டு அனுப்பும் என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் உரியதுதான். பஞ்சகர்மா என்னும் உடல் சுத்திகரிப்புச் சிகிச்சைகள், வஸ்தி ஆகியவை குறித்து இந்தியாவில் நடந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் சிலரை மட்டும் வைத்துச் சில வாரங்களே கவனித்தவை. இறுக்கம் குறைந்தது என்று அவை சொல்வதை நம்புகிறேன். மூளை சீரானது என்று யாராவது அவற்றை வைத்துச் சொன்னால் நம்ப மாட்டேன்.

வெளியே பூசுவதற்கும் உள்ளே கொடுப்பதற்கும் இடையே நான் கெட்டியாக ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். இந்தக் குழந்தைகளில் பலருக்கு விழுங்குவதே சிரமம். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, பாலாடையால் கிருதத்தையோ (மருந்து சேர்த்துக் காய்ச்சிய நெய்) கஷாயத்தையோ ஊற்றும்போது அதன் தலை பின்னால் சாய்கிறது, கண்ணில் நீர் கோக்கிறது, பிறகு குரல் களகளவென்று மாறுகிறது. மருந்து நுரையீரலுக்குள் போகிறது என்பதற்கான அடையாளம் அது. எண்ணெயும் நெய்யும் அங்கே போனால் வரும் நிமோனியா எளிதில் தீராது. மூக்கில் எண்ணெய் விடுவதற்கும் இது பொருந்தும். மருந்தை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே கொடுக்க வேண்டும்.

வலிப்பு மாத்திரை இன்னும் முக்கியம். இவர்களில் கணிசமானோருக்கு வலிப்பும் உண்டு. "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் நம் மருந்து பிடிக்கும்" என்று எங்கோ ஒருவர் சொன்னதைக் கேட்டு மாத்திரையைச் சட்டென நிறுத்தி, நிற்காத வலிப்போடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த குழந்தையை அறிவேன். சங்கபுஷ்பி என்ற மூலிகை சேர்ந்த ஒரு மருந்து, ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்பு மாத்திரையின் இரத்த அளவைக் குறைத்து வலிப்பைத் திரும்ப வரவழைக்கக்கூடும் என்று இந்திய ஆய்வாளர்களே 1992இல் எழுதிவிட்டார்கள். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்ற பேச்சு இங்கே செல்லாது. உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பஸ்பம், செந்தூரம் வகைகளுக்கு என் பதில் நேரடியாக 'வேண்டாம்' என்பதே. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஏற்கெனவே சேதமடைந்த மூளைக்கு ஈயத்தையும் கொடுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மூளை சார்ந்த நோய்கள், வலிப்பு, வாதம் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் 'இத்தனை நாளில் நடக்க வைக்கிறோம்' என்ற காணொளிகள் பெற்றோரின் கைபேசிக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றால் பணத்தைவிடக் காலம்தான் அதிகம் போகிறது. ஆபத்துள்ள குழந்தைகளைத் திருத்திய வயதில் (பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்கிடும் வயது) ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டறிய முடிகிறது. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டாண்டுகளில் தொடங்கும் பயிற்சிக்கு உள்ள பலன் பிறகு அதே அளவுக்குக் கிடைப்பதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் 'டி.இ.ஐ.சி.' எனப்படும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன, அவற்றில் கட்டணம் இல்லை. சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியிலுள்ள அமர் சேவா சங்கம் போன்ற தொண்டு நிறுவனங்கள் பெற்றோருக்கே பயிற்சி முறைகளைக் கற்றுத்தருகின்றன. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை இத்தகைய குழந்தைகளுக்கு வழங்கும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் மாற்று மருத்துவத்துக்கும் ஒரு சிறு தொகை உண்டு என்பதால், போக முடிவு செய்தவர்கள் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். குழந்தையைப் பார்த்ததும் நாள் கணக்குச் சொல்லாமல், அது எதைத் தானாகச் செய்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது, என்ன மாத்திரை ஓடுகிறது என்று கேட்பவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் போகும்போது வலிப்பு மாத்திரைச் சீட்டையும், கடைசியாக எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயையும், காலில் மாட்டும் ஸ்பிளிண்டையும் மறக்காமல் பெட்டியில் வையுங்கள். தங்கியிருக்கும் நாட்களில் எந்த நேரத்தில் எந்தப் பயிற்சி என்பதைக் கிளம்பும் முன்பே உங்கள் தெரபிஸ்டிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், என்னிடம் வருபவர்கள் என்றால் நானே எழுதித் தருகிறேன்.