ஃபூச்சி வெறும் செபக்குழு அன்று

இத்தாலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் கூட்டமைப்பான ஃபூச்சி, செபமாலை சொல்லிவிட்டுக் கலைந்துபோகும், உலக நடப்பில் தலையிடாத கூட்டமாகவே இருந்தது என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது சரியன்று. 1896இல் தொடங்கிய அந்த அமைப்பில் சேர்ந்த துரின் நகரப் பொறியியல் மாணவர் பியர் ஜார்ஜோ ஃப்ராசாத்தி, நாள்தோறும் திருப்பலியில் நற்கருணை என்னும் திரு அப்பத்தைப் பெற்றவர். அதே இளைஞர்தான் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் வழியாக ஏழைகளின் வீடுகளுக்குச் சென்றார், நண்பர்களைத் திரட்டி ஆல்ப்ஸ் மலைகளில் ஏறினார், பாசிசத்தை வெளிப்படையாக எதிர்த்தார். (24 வயதில், 1925இல் இறந்த அவர், 2025இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.) பின்னாளில் திருத்தந்தை ஆறாம் பவுலான மொந்தீனி, 1925 முதல் 1933 வரை இம்மாணவர்களின் ஆன்ம வழிகாட்டியாக இருந்தார். உலக நடப்பில் தலையிடாத அமைப்பாக இது இருந்திருந்தால், 1931இல் முசோலினி அரசு மற்றக் கத்தோலிக்க இளைஞர் அமைப்புகளோடு இதையும் கலைக்க வேண்டிய தேவையே எழுந்திராது.