‘பீப்பிள் ஹூ டைட்’ எய்ட்ஸ் பற்றிய பாட்டு இல்லை

அமெரிக்கக் கவிஞரும் பாடகருமான ஜிம் கேரலின் ராக் குழு ஜிம் கேரல் பேண்ட். அதன் ‘பீப்பிள் ஹூ டைட்’ (இறந்துபோனவர்கள்) பாட்டு எய்ட்ஸில் இறந்த நண்பர்களுக்காக எழுதப்பட்டது என்று சொல்லியிருக்கிறீர்கள். அது சரியில்லை நண்பரே. பாட்டு வந்தது 1980-இல், ‘கத்தோலிக் பாய்’ ஆல்பத்தில். எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கையே அமெரிக்காவில் 1981 ஜூனில்தான் வெளியானது. அந்தப் பெயரே அப்போது கிடையாது.

வரிகளைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொருவரும் எப்படி இறந்தார் என்று கேரல் வெளிப்படையாகவே சொல்கிறார். பசையை முகர்ந்துவிட்டுக் கூரையிலிருந்து விழுந்த 12 வயதுப் பையன், 14 வயதில் ரத்தப் புற்றுநோய் வந்த இன்னொருவன், வியட்நாமில் தலையில் குண்டு பட்டவன், சுரங்க ரயில் முன்னால் குதித்த பெண். ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் நோயில் போன இரண்டு பேரும் உண்டு. ஒருவேளை அந்த வரிதான் உங்களைக் குழப்பியிருக்கலாம்.

இது சாவைக் கொண்டாடும் பாட்டு என்று நீங்கள் எழுதியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வேகமாகப் பாடினால் துக்கம் இல்லை என்றாகிவிடுமா? நியூயார்க் தெருக்களில் வளர்ந்து, ஹெராயினில் சிக்கி மீண்டவர் கேரல். கவிஞர் டெட் பெரிகன் இதே தலைப்பில் எழுதிய கவிதையின் பட்டியல் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதில் தன் நண்பர்களை வைத்தார். அவர்களில் எடி என்பவனிடம் மட்டும், மற்ற எல்லோரையும்விட உன்னைத்தான் அதிகம் தேடுகிறேன் என்கிறார். அந்த இடத்தில் அவர் குரலைக் கேளுங்கள், அப்புறம் சொல்லுங்கள்.