விளைக்கு விளை மணம் மாறும்

போன கிறிஸ்மஸுக்குத் தக்கலைக்கு வந்தபோது ஒரு பாட்டில் ரெட் வைன் கொண்டு வந்தேன். பிரான்சில் பர்கண்டிப் பகுதியில், ழெவ்ரே-ஷாம்பெர்தான் என்ற ஊரில், ஒரு குடும்பம் தன் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் செய்தது. தாய்மாமா கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பின்னால் இருந்த விரல் தெரிந்தது. "என்ன மக்கா, தண்ணி கலந்து குடுத்துட்டானா?" என்றார்.

அது பினோ நுவார் என்ற திராட்சையில் செய்தது. அதற்குத் தோல் மெல்லிசு. சிவப்பு வைனுக்கு நிறம் தோலிலிருந்துதான் வரும். அதனால் நிறம் அவ்வளவுதான். சர்க்கரையும் கிராம்பும் போட்ட கிறிஸ்மஸ் வைனைக் குடித்துப் பழகிய நாக்குக்கு, இனிப்பில்லாத வைன் முதல் மடக்கில் வெறும் புளிப்பாகத்தான் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அதே பர்கண்டியில், திஜோன் நகரத்தில் இரண்டு வருடம் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அங்கே மலைச்சரிவில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பேர் உண்டு. 'கிளிமா' என்பார்கள். நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், தோட்ட நிலத்தை நாம் சொல்லும் அதே விளைதான். சரிவின் நடுவில் இருக்கும் விளையில் தண்ணீர் தேங்காது, மண்ணில் சுண்ணாம்புக்கல், காலை வெயில் நேராக விழும். உயர்ந்த வைன் அங்கேதான். கீழே சமதளத்துக்கு இறங்க இறங்க, அதே கொடி, அதே கைப்பக்குவம், ஆனாலும் பெரும்பாலும் வைன் சாதாரணமாகிவிடும். 2015-இல் யுனெஸ்கோ இந்த விளைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பாகப்பிரிவினையும் நம்மைப் போலத்தான். நெப்போலியன் காலத்துச் சட்டப்படி பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. துறவிகள் மதில் கட்டிக் காத்த க்ளோ த வூழோ என்ற விளை சுமார் 50 ஹெக்டேர். இன்று அதற்கு ஏறக்குறைய 80 சொந்தக்காரர்கள். சிலருக்குக் கொடி சில வரிசைதான். உலகமே தேடும் வைன் வரும் ரொமானே-கோந்தி விளை 2 ஹெக்டேர் கூடக் கிடையாது.

பெரிய கம்பெனிகள் பல இடத்துத் திராட்சையைக் கலந்து வருஷா வருஷம் ஒரே ருசியைக் கொடுக்கின்றன. அதில் தப்பில்லை. ஆனால் சின்னத் தோட்டத்து வைனில் அந்த வருஷத்து மழையும் அந்த மண்ணும் அப்படியே இருக்கும். நான் காசு கொடுப்பது அதற்குத்தான், லேபிளுக்கு அல்ல. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! இங்கே உரிக்கும்போதே எழும்பும் மணம், வேறு ஊர் மண்ணில் வைத்தால் வருமா? அது தெரிந்த நாக்குக்கு இதுவும் தெரியும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். 'அறை வெப்பநிலையில் குடி' என்பது அந்த ஊர் அறைக்குச் சொன்னது. நம் வீட்டுக்குள் 30 டிகிரி. 16 டிகிரி அளவில் இருந்தால்தான் மணம் தெளிவாக வரும், ஆகவே ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். அப்புறம் சாளைக் (மத்தி) கறியோடு வேண்டாம், மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் இரும்பு நாற்றம் அடிக்கும். காரம் குறைத்து, நல்லமிளகு போட்டு வரட்டிய மாட்டிறைச்சி போதும்.

மாமாவுக்கும் அதைத்தான் வைத்தோம். அரை மணி நேரம் கழித்துக் கிளாசை மறுபடி மோந்து பார்த்தார். "மழை பெய்ஞ்ச விளைக்குள்ள நடந்தா வருமே, அந்த மணம்லா வருது" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அதுக்குப் பக்கத்து விளையில செஞ்சதுன்னு ஒண்ணு கிடைக்குமா மக்கா? ரெண்டையும் சேத்து வெச்சுப் பாக்கணும்."