விளக்கு வைத்தால் வினை தீருமா?

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் 27 நட்சத்திர லிங்கங்கள் இருக்கின்றன. பிரதோஷத்தன்று தன் நட்சத்திரத்துக்குரிய லிங்கத்தைத் தேடிப்போய் நெய் விளக்கு வைக்கிறவர்களில் பலர், அதோடு கர்மா கழிந்துவிடும் என்று நம்புகிறார்கள். விளக்கு வையுங்கள், நல்லதுதான். ஆனால் வினை தீர்வதற்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் வழி வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் பரிகாரத்துக்குக் காசை இறைப்பதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

முதலில் ஒன்று. புண்ணியத்தைக் கொண்டு பாவத்தைக் கழிக்க முடியாது. நூறு பேருக்குச் சோறு போட்டதன் இன்பம் வரும். பாகப்பிரிவினையில் தம்பியை ஏமாற்றியதன் துன்பமும் வரும். இரண்டையும் தனித்தனியே அனுபவித்தாக வேண்டும். கழுவாய் (பரிகாரம்) என்று ஆகமம் சொல்வது, செய்த பிழையை உணர்ந்து அதற்கென்று விதித்ததைச் செய்தவரே செய்வது. ரசீது போட்டு இன்னொருவரிடம் ஒப்படைக்கிற காரியம் இல்லை.

பல பிறவியாகச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்த உடம்புக்கென்று பிரித்துக் கொடுத்த பங்கு பிராரத்தம். அதை அனுபவிக்கும்போதே மனம், வாக்கு, உடம்பு மூன்றாலும் புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். வினை சடம், அதாவது அறிவில்லாத பொருள். செய்த ஆளைத் தானே தேடி வந்து பிடிக்க அதற்குத் தெரியாது; ஊட்டுகிறவன் இறைவன்.

கருவிலேயே அமைந்துவிடுகிறவை என்று சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் ஆறைச் சொல்கிறது: பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு. நிதானமாகப் பாருங்கள், நான் அடுத்தவரிடம் எப்படி நடந்துகொள்கிறேன் என்பது இந்த ஆறில் இல்லை. எல்லாம் விதி என்று கையைக் கட்டிக்கொள்கிறவர்கள் ஏழாவதாக ஒன்றைத் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. 2023 டிசம்பரில் புயல் மழை வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகிலும் வலையிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. இப்படி ஒன்று நடந்தால், "அவங்க வாங்கிட்டு வந்தது அப்படி" என்று சொல்லிவிட்டு நகர்வது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. மீனவருக்கு அது பிராரத்தமாகவே இருக்கட்டும். காரணமானவருக்கு அது புத்தம்புது ஆகாமியம். உதவ முடிந்தும் ஒதுங்கிப் போனவருக்கும் கணக்கு உண்டு. துன்பம் பிராரத்தமாக வருவது போலவே அதைத் துடைக்கிற கையும் பிராரத்தமாகத்தான் வருகிறது. அந்தக் கை உங்களுடையதாக இருந்தால் எந்த சாத்திரம் தடுக்கப்போகிறது?

வினை ஆள் பார்ப்பதில்லை என்பதற்கு ஒற்றியூரைவிட வேறு ஊர் வேண்டாம். உன்னைப் பிரியேன் என்று, மனைவியாகப்போகும் சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் நாயன்மாரில் ஒருவரான சுந்தரர் சத்தியம் செய்தது இங்கேதான். மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் நடக்கிறது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்கு இரண்டு கண்ணும் போனது. சிவனுக்கே நண்பர் என்று தம்பிரான் தோழர் பட்டம் பெற்றவர்! இருந்தும் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டும். காஞ்சியில் இடக்கண், திருவாரூர் சேர்ந்த பிறகே வலக்கண். அருள் இருந்தது. ஆனாலும் குருடாக நடக்க வேண்டிய தூரத்தை அவர் நடந்தே கடந்தார்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இருவினையொப்பு. பாவமும் புண்ணியமும் தராசில் சமமாக நின்றால் முக்தி என்று மேடையிலேயே சொல்கிறார்கள். அளவு சமமானால் இரண்டையும் சமமாக அனுபவிப்போம், அவ்வளவுதான். நல்வினைப் பயனில் விருப்பும் தீவினைப் பயனில் வெறுப்பும் இல்லாமல், இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிற அறிவு வருவதுதான் இருவினையொப்பு. அதோடு உயிரை மறைக்கிற அழுக்கான ஆணவ மலம் பக்குவப்பட வேண்டும்; அப்போதுதான் சத்திநிபாதம் என்கிற அருள் பதிவு, குருவருள். தீட்சையில், வினை சேர்கிற வழிகளான ஆறு அத்துவாவையும் சுத்தி செய்யும்போது சஞ்சிதம் எரிகிறது. பிராரத்தம் உடம்போடு போகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பத்தாம் சூத்திரம் சொல்கிறபடி இறைபணியில் நின்றால் ஆகாமியம் ஏறுவதில்லை, "நான் செய்தேன்" என்கிற பிடி அங்கே இல்லை என்பதால். அத்வைதமும் வைணவமும் வேறு பாதையில் போனாலும், பிராரத்தம் உடம்பு உள்ளவரை உண்டு என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

அப்படியானால் அந்த நெய் விளக்கு எதற்கு? பலனை எண்ணிச் செய்யும் தருமம் பசு புண்ணியம் (பசு என்றால் இங்கே உயிர்). போகத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி பிறவியில் தள்ளும். சிவனை முன்னிட்டுச் செய்வது சிவ புண்ணியம். அது ஞானத்துக்கு ஆளைப் பக்குவம் செய்கிறது. அதே விளக்கு, அதே நெய், எண்ணம்தான் வேறு. ஞானம் வந்தவர்கூட கோயிலை விடக் கூடாது என்று சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் சொல்கிறது. காலியான பெருங்காய டப்பாவில் வாசனை நிற்பது போல மலவாசனை நிற்கும், அசந்தால் திரும்பத் தாக்கும். அதனால் அடியாரோடு சேர்ந்திருக்கவும், அவர்கள் திருநீறும் உருத்திராக்கமும் அணிந்த திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கண்டு வணங்கவும் மெய்கண்டார் விதித்திருக்கிறார்.