மூன்று பேர் வைக்கும் பொங்கல்

பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை என்று சொன்னால் போதும். "அடடா, அப்ப உங்களுக்கு நோம்பியே இல்லையா?" என்கிறார்கள். எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்போம். அந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. புனேயில் நான், கணவர், எட்டு வயது மகள் என மூன்று பேர் இருக்கிறோம். எங்களுக்கும் நோம்பி உண்டு. மூன்று பேருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

இப்படித் தைரியமாகச் சொல்ல எனக்கு ஆறேழு வருஷம் பிடித்தது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊரில் நான் வளர்ந்தபோது பெரியம்மா, சித்தி, அத்தை என்று ஏழெட்டுப் பேர் சமையல்கட்டில் நிற்பார்கள். அவர்கள் செய்த அத்தனையையும் இங்கே நான் ஒருத்தியாகச் செய்யப் பார்த்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வடை, பாயசம், ஏழு காய்க் குழம்பு. கணவருக்கு அன்று விடுமுறை கிடையாது, ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்துவிடுவார். மத்தியானம் இலை போடும்போது எனக்குச் சாப்பிடத் தெம்பு இருக்காது. பெரிய குடும்பத்து நோம்பியைச் சின்னக் குடும்பத்தில் அப்படியே செய்யப் போனால் பாரம் முழுக்க ஒரு பெண்ணின் தலையில்தான் விழும். வெளியூரில் இருக்கும் தோழிகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு பானை, ஒரு குழம்பு போதும். ஆனால் வீட்டில் இருக்கும் எல்லோரும் கை வைக்க வேண்டும்.

இப்போது காய் நறுக்குவது கணவர் வேலை. கோலம் மகளுடையது, லிஃப்ட் வாசல் வரைக்கும் இழுத்துவிடுவாள்.

எதை விட்டாலும் காப்புக் கட்டை மட்டும் விட எனக்கு மனசு வராது. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒன்றாகக் கட்டி, போகியன்று வீட்டு எரவாணத்திலும் மாட்டுப் பட்டியிலும் விவசாயக் காட்டு மூலைகளிலும் சொருகுவது கொங்குப் பக்கத்து வழக்கம். புனேயில் ஆவாரம்பூவுக்கு எங்கே போவது? பல வருஷம் வெறும் வேப்பிலைதான். ஒருநாள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குன்றில் நடக்கப் போனபோது, பாறை ஓரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது! கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா, மராத்தியில் இதைத் தரவட் என்போம் என்றார். நான் அந்தச் செடிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அதிலிருந்து போகிதோறும் மகளும் நானும் போய் நாலு கொத்து பறித்து வருகிறோம். பழைய பருத்திச் சேலையை நாடாவாகக் கிழித்து, ஏழாவது மாடி பால்கனிக் கம்பியில் கட்டுகிறோம். அவள் ஒரு முடிச்சோடு நிறுத்த மாட்டாள், மேலே காற்று அதிகம் என்று நாலைந்து போடுவாள். பூளைப்பூ மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை.

மராத்திக்காரர்களுக்கும் சங்கராந்திக்கு முந்தின நாள் போகிதான், பெயரும் அதேதான். அவரை, கத்தரி, கேரட், பச்சைக் கொண்டைக்கடலை எல்லாம் எள்ளோடு சேர்த்து ஒரு கூட்டுக்காய் செய்து, எள் தூவிய கம்பு ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். அதனால் நம் குழம்புக்கு வேண்டிய காய் பலதும் அந்த வாரம் சந்தையில் குவிந்து கிடக்கும், கரும்புத் துண்டு உட்பட. பக்கத்து வீட்டுக்குப் பொங்கல் கொடுத்தனுப்பும் டப்பா எள்ளுருண்டையோடு திரும்பி வரும். எள்ளும் வெல்லமும் வாங்கிக்கொள், இனிக்க இனிக்கப் பேசு என்பது அவர்கள் சங்கராந்தி வாழ்த்து. வாட்ச்மேன் பீகார்க்காரர், அவருக்கு அன்று தயிரும் அவலும்தான் பண்டிகைச் சாப்பாடு. உறவு இல்லாத ஊரில் பண்டிகை தனிமையாக இருக்கும் என்று யார் சொன்னது?

அப்புறம் இந்த வீடியோ கால். ஒரு பொங்கலன்று பானை பொங்கும் நேரத்தில் கணவர் வீட்டுக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே இருபது பேர் சத்தம். இங்கே பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. மகள் 'பொங்கலோ பொங்கல்' சொல்ல மறந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றோடு அதை நிறுத்தினேன். "ஊர்ல இருந்தா எப்படி இருக்கும் தெரியுமா" என்று அவளிடம் சொல்வதையும் நிறுத்தினேன். அவளுக்கு இதுதான் பொங்கல். அதை அவள் முன்னாலேயே குறைத்துப் பேச எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்போது சாமி கும்பிட்டுச் சாப்பிட்ட பிறகுதான் ஊருக்குப் பேசுகிறோம். 2025 பொங்கலன்று மகள் என் அம்மாவிடம், "அமுச்சி, எங்க பானை கிழக்கால பொங்குச்சு. உங்களுது எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கு என்னத்துக்கு சாமி, பானை? குக்கர்லயே வெச்சுப்போட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. சித்தி, அத்தை பிள்ளைகள் எல்லாம் எங்களைப் போலவே ஆளுக்கொரு ஊர். அந்தப் பெரிய வீட்டில் இப்போது அப்பாவும் அம்மாவும் மட்டும். உறவை விட்டுத் தள்ளி இருக்கும் சின்னக் குடும்பம் நாங்கள் மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். மகள் விடவில்லை. "நாங்களே மூணு பேர்தான் அமுச்சி, பானைதான் வெக்கிறோம்" என்றாள்.

இந்த வருஷம் போகியன்று காலை அம்மாவே அழைத்தார். சின்னதாக ஒரு பானை வாங்கியாயிற்றாம். அப்பா பூளைப்பூ பறிக்கக் காட்டுக்குப் போயிருக்கிறாராம்.