பர்ரனின் பூக்களைக் காப்பாற்றுவது மாடுகள்தான்

ஒன்பது வருடம் கழித்து பர்ரனுக்குப் போய் வந்தேன். அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தில் உள்ள சுண்ணாம்புப் பாறை நிலம். பக்கத்து நகரமான கால்வேயில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை கிடைத்தால் யாருடைய காரிலாவது ஏறிக்கொண்டு அங்கே போய்விடுவேன். ஊர் திரும்பிய பிறகும் கனவில் வந்த இடம் அது.

முல்லாமோர் குன்றின் அடியில் இறங்கியதும் மண்டியிட்டுப் பாறை வெடிப்புக்குள் கையை விட்டேன். மேலே காற்று காதை அறுக்கிறது. ஒரு முழம் கீழே போனால் காற்றே இல்லை. ஈரமும், விரலில் உரசும் பெரணி இலையும்தான். பக்கத்திலேயே ஜென்ஷியன் பூத்திருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பூ, ஐந்து இதழ், சங்குப்பூவைவிட அழுத்தமான நீலம். வழக்கமாக ஆல்ப்ஸ் மலையில் பார்க்கும் பூ. கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

1650களில் அயர்லாந்தைப் பிடிக்க இங்கிலாந்தின் கிராம்வெல் அனுப்பிய படையோடு வந்த தளபதி எட்மண்ட் லட்லோ இந்த நிலத்தைப் பற்றி எழுதியதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள்: ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லை, தூக்கிலிட மரம் இல்லை, புதைக்க மண் இல்லை என்று. அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவர் அதற்கு அடுத்தே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: இங்குள்ள மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, பாறை இடுக்கில் வளரும் புல் அவ்வளவு சத்தானது என்று. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம்.

அயர்லாந்தில் பெரும்பாலும் குளிர்காலத்தில் மாட்டைக் கொட்டகைக்குள் அடைப்பார்கள். பர்ரனில் அப்போதுதான் குன்றின் மேல் ஏற்றுவார்கள். இதற்கு விண்டரேஜ் என்று பெயர். கோடை வெயிலை வாங்கி வைத்திருக்கும் சுண்ணாம்புப் பாறை குளிர்காலத்தில் மெல்ல வெப்பம் விடும். மாடு படுக்கக் காய்ந்த தரையும் கிடைக்கும். காய்ந்துபோன முரட்டுப் புல்லை எல்லாம் மாடுகள் மேய்ந்து தீர்த்துவிடும். வசந்தத்தில் அவற்றைக் கீழே இறக்கும்போது தரை திறந்து கிடக்கும், பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். கோடையில் பூவைக் கடிக்க அங்கே மாடும் இருக்காது.

இது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை இந்த முறை நேரில் பார்த்தேன். முன்பு நான் உட்கார்ந்து சாப்பிடும் பாறைத்திட்டு ஒன்று உண்டு. அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. ஹேசல் புதர் மூடிவிட்டது. "அங்கே மாடு போய் ரொம்ப வருஷமாச்சு" என்றார், நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர். ஹேசல் காட்டுக்கும் அதற்கான பறவைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜென்ஷியன் நிழலில் வாழாது.

அதனால்தான் சொல்கிறேன். இயற்கையைத் தொடாமல் விட்டால் போதும் என்ற பேச்சு பர்ரனுக்குப் பொருந்தாது. அங்கே விவசாயி போனால் பூவும் போய்விடும். விவசாயிகளை வைத்தே இந்த நிலத்தைக் காக்க 2005இல் தொடங்கிய பர்ரன்லைஃப் திட்டமும், பிறகு அதன் வழியில் வந்த திட்டங்களும் இதைப் புரிந்துகொண்டவை. பின்னால் வந்தவற்றில் வயலுக்கு வயல் மதிப்பெண் போட்டார்கள். நிலம் எவ்வளவு செழிப்பான வாழிடமாக இருக்கிறதோ விவசாயிக்கு அவ்வளவு பணம். எப்படிச் செய்வது என்பதை விவசாயியிடமே விட்டார்கள். இந்தப் பணத்தைச் சலுகை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, அது கூலி.

முல்லாமோர் அடிவாரத்தில் 1990களில் அரசு ஒரு பார்வையாளர் மையம் கட்டத் தொடங்கியது. ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1993இல் வேலை நின்றது. கடைசியில் கட்டியதையும் அகற்றினார்கள். அன்று எதிர்த்தவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். நான் மண்டியிட்ட இடத்துக்குப் பக்கத்தில் இன்று பேருந்துகள் நிற்கவில்லை.

கிளம்பும்போது பெரியவர், "அடுத்த தடவை பூ பார்க்க வராதே, அக்டோபர் கடைசியில் வா, மாட்டை மேலே ஓட்டும்போது கூட நடக்கலாம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.